கைப்பேசி மனநலப் பயிற்சியும் ஓபி சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனச்சோர்வும் பதற்றமும் நோயாக முற்றுமுன்பே கைப்பேசி வழியாகத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றி இப்போது பலரும் எழுதுகிறார்கள். மேலூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அவை வேண்டாம் என்ற எண்ணம் இல்லை. ஆனால் அவை மருத்துவமனைக்கு வெளியே தனியாக நிற்பதுதான் குறை.

பேரனின் தடுப்பூசிக்காக அண்மையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றபோது, இத்தகைய பயிற்சி ஒன்றின் க்யூஆர் கோடு சுவரில் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். அதில் சேர்ந்த ஒருவருடைய நிலை மோசமாக இருந்தால் தகவல் யாருக்கு வரும் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், நோயைப் பொறுத்து அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வராதவர்கள் என்றும் கண்டறிந்தது. என் அனுபவத்தில் அவர்களில் பலர் வராமல் இல்லை. வேறு பெயரில் வருகிறார்கள். நெஞ்சு படபடப்பு, கிறுகிறுப்பு, தூக்கமின்மை என்று ஓபி சீட்டு வாங்கி, சத்து மாத்திரையோடு திரும்பிப் போகிறவர்கள்தான் அவர்கள். பிறகு பாண்டி கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொள்கிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன்.

தடுப்பு முயற்சியைத் தொடங்க மிகவும் தோதான இடம் பிரசவித்த தாய்மார்கள் என்பது என் கருத்து. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிகள் இணையப் பதிவு தேவைப்படுவதால், கர்ப்பிணிகள் ஏறத்தாழ எல்லாரும் ஏற்கெனவே நம் கணக்கில் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் புழக்கத்தில் உள்ள எடின்பரோ வினாப்பட்டியலில் இருப்பவை 10 கேள்விகளே. எடை பார்த்து இரத்த அழுத்தம் எடுப்பதைப் போல இதையும் கேட்டுப் பிக்மி பதிவிலேயே குறித்து, தேவைப்படுவோரை அங்கேயே பயிற்சியில் சேர்த்துவிடலாம். அந்தப் பத்துக் கேள்விகளில் கடைசியானது, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. அதற்கு ஆம் என்கிற பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கிராமத்தில் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான், அதுவும் கணவர் கையில். ஓடிபி அவருக்கு வருகிறது. மனைவி எழுதிய பதிலை மாமியாரும் படிக்கலாம் என்ற நிலையில் எந்தப் பெண் உண்மையை எழுதுவாள்? எனவே துணை சுகாதார நிலையத்தில் ஒரு டேப்லெட்டும், மறைவான ஓர் இருக்கையும் வைத்து, தடுப்பூசி நாளன்றே பயிற்சியின் ஒரு பகுதியை முடிக்கச் செய்யலாம். யாரும் விசாரிக்காத இணையப் பயிற்சிகளைப் பாதியில் கைவிடுவோர் அதிகம் என்பதும், வாரம் ஒருமுறை ஒருவர் பேசி ஊக்கப்படுத்தினால் பலன் கூடுகிறது என்பதும் ஆய்வுகள் பலமுறை காட்டிய செய்திகள். நம்மிடம் அந்த ஆள் இருக்கிறார்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற பெண் தன்னார்வலர். ஏற்கெனவே சுமை அதிகமுள்ள அவருக்கு இந்த வேலையைச் சும்மா ஏற்றிவிடாமல், பயிற்சியும் தனி ஊக்கத்தொகையும் தர வேண்டும்.

இத்தகைய இணைப்பு மதுரைக்குப் புதிதன்று. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறக் கண் மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவில் உள்ள மருத்துவர் திரை வழியாகப் பார்த்து முடிவு சொல்கிறார். அங்கே திரைக்கு இருபுறமும் பொறுப்புள்ள ஒருவர் இருக்கிறார்.

2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை ஓபி சீட்டின் பின்புறத்திலும் தாய் சேய் நல அட்டையிலும் அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்கள் முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில், கொட்டாம்பட்டியிலோ சேடபட்டியிலோ, ஓராண்டு இதைச் செய்து பார்த்து, எத்தனை தாய்மார்கள் பயிற்சியை முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்ற கணக்கை உங்கள் நாளிதழ் வழியாகவே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.