சந்தைத் தொட்டி இரவில் வழிவதை நிறுத்தி, மேட்டுத் தெருவுக்குக் காலையில் நீரேற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மேட்டுத் தெரு, காளியம்மன் கோயில் பின் சந்து மக்கள், மற்றும் ஊரின் மோட்டார் ரீவைண்டிங், பிளம்பிங், மின் வேலைத் தொழிலாளர்கள்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: குடிநீர் ஏற்றுவதில் வீணாகும் மின்சாரத்தைத் தடுத்தல், கடைக்கோடித் தெருக்களுக்கு நீர் அழுத்தம் தருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே நேரில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சந்தைத் தொட்டியையும், அதற்கு நீரேற்றும் ஆற்றங்கரைக் கிணற்றையும் தாங்கள் நேரில் பார்த்தவர்கள். ஆகவே இடத்தை விளக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. கிணற்றிலுள்ள 10 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் மணிக்குச் சுமார் 9 யூனிட் இழுத்து, சுமார் 36,000 லிட்டர் ஏற்றுகிறது. தொட்டியின் கொள்ளளவு 1 லட்சம் லிட்டர். காலித் தொட்டியே 2¾ மணி நேரத்தில் நிரம்பிவிடும். இரவு 11 மணிக்குப் போடும் மோட்டார் விடியற்காலை 3¾ மணிக்குத்தான் நிற்கிறது. ஆக, சுமார் 2 மணி நேரம் தொட்டி வழிகிறது. ஓர் இரவில் சுமார் 18 யூனிட்டும் 72,000 லிட்டரும் சாக்கடைக்குப் போகின்றன. இதில் ஆபரேட்டர் மேல் குற்றமில்லை. மூன்று தொட்டிகளுக்கு அவர் ஒருவர்தான் சைக்கிளில் சுற்றுகிறார்.

2. கிணற்று மேட்டில் உள்ள நான்-ரிட்டன் வால்வு (ஏறிய நீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) ஒழுகுகிறது. மோட்டார் நின்றதும், தொட்டிக்குப் போகும் 600 மீட்டர், 4 அங்குலக் குழாயில் இருக்கும் சுமார் 4,700 லிட்டரும் கிணற்றுக்கே திரும்பி இறங்குகிறது. அடுத்த முறை முதல் 8 நிமிடம் அந்தக் குழாயை நிரப்பவே போய்விடுகிறது. நீர் இறங்கும்போது பம்பு தலைகீழாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து மோட்டார் ஓடத் தொடங்கினால் ஷாஃப்ட் முறியும். வால்வைக் கழற்றி ரப்பர் சீட்டை மாற்றினாலே போதும், அரை நாள் வேலை.

3. எங்களுக்கு எல்லாவற்றையும் விட வலிப்பது இதுதான். காலையில் வால்வு திறக்கும் வரிசையில் கடைசி மேட்டுத் தெரு. எங்கள் முறை வரும்போது தொட்டியில் நீர் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். தொட்டி நிற்பது 12 மீட்டர் தூணில். எங்கள் தெரு தொட்டி அடிவாரத்தை விட 6 மீட்டர் மேடு. எஞ்சும் அழுத்தத்தையும் பழைய 2 அங்குலக் குழாய் தின்றுவிடுகிறது (4 அங்குலக் குழாயை 2 அங்குலமாகக் குறைத்தால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு சுமார் 32 மடங்கு). அதனால் தரைமட்டக் குழாயில் சொட்டுகூட வராது. வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை உள்ளே இறக்கி, அந்தப் பள்ளத்தில் நின்றுதான் பெண்கள் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள். பக்கத்திலேயே சாக்கடை. மழை பெய்தால் பள்ளம் நிறைந்து குழாய் வாய் அழுக்கு நீரில் முழுகிக் கிடக்கிறது. வயதானவர்களால் இறங்க முடிவதில்லை, இறங்கினால் ஏற முடிவதில்லை.

பள்ளம் தோண்ட மாட்டாதவர்கள் குழாயில் நேரடியாக அரை எச்.பி. மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். 140 வீடுகளில் 60 வீடுகளில் இந்த மோட்டார் இருக்கிறது. அது சட்டவிரோதம் என்று எங்களுக்குத் தெரியும், அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் 0.6 கிலோவாட் இழுத்து 40 நிமிடம் ஓடினால் தெரு முழுக்க நாளொன்றுக்கு 24 யூனிட் ஆகிறது. மோட்டார் உறிஞ்ச உறிஞ்சக் குழாய்க்குள் அழுத்தம் வெளியை விடக் கீழே போகும். ஜாயின்ட் ஒழுகும் இடமெல்லாம் அப்போது சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். மோட்டார் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. மோட்டாரைப் பறிமுதல் செய்ய ஆள் அனுப்பினீர்கள் ஐயா, அழுத்தம் கொடுக்க ஏன் யாரையும் அனுப்பவில்லை? இரவில் 72,000 லிட்டர் வழிந்தோடும் ஊரில் காலையில் ஒரு குடத்துக்குப் பள்ளத்தில் இறங்க வேண்டுமா?

4. தீர்வுக்குப் புது மோட்டாரும் வேண்டாம், புதுத் தொட்டியும் வேண்டாம். வழியும் 2 மணி நேரத்தில் 1 மணி நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றுங்கள். மேட்டுத் தெரு வால்வை முதலில் திறந்து, அதே நேரம் கிணற்று மோட்டாரையும் ஓட்டினால் தொட்டி மட்டம் இறங்காது, அழுத்தமும் குறையாது. அந்த 36,000 லிட்டரை 140 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 250 லிட்டருக்கு மேல் வரும். மீதி 1 மணி நேரத்தின் 9 யூனிட் மிச்சம்.

மோட்டாரைத் தானாக நிறுத்த, ஸ்டார்ட்டர் பெட்டியில் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் போடலாம். பேட்டரி இல்லாததைப் போட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நேரம் பின்தங்கும். நிரந்தரத் தீர்வு என்றால் தொட்டி நிறைந்ததும் தானாக மூடும் மிதவை வால்வு, அப்போது குழாயில் அழுத்தம் ஏறுவதை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் கிணற்றடியில். இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். மிதவை வால்வை மட்டும் போட்டு விட்டுவிட்டால், அது மூடிய பிறகும் மோட்டார் ஓடும். மோட்டாரைச் சுற்றிக் குளிர்விக்கும் நீரோட்டம் இல்லாமல் வைண்டிங் (உள்ளே உள்ள கம்பிச் சுற்று) சூடேறிக் கருகும். பிறகு ரீவைண்டிங் செலவுக்கு ஒரு டெண்டர், பதினைந்து நாள் ஊருக்கே தண்ணீர் இல்லை. கோடையில் கிணற்று மட்டம் இறங்கும் என்பதால் நீரில்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்தும் டிரை-ரன் ரிலேயும் அவசியம்.

5. தொட்டியின் வெளிக்குழாய் கேட் வால்வு தண்டு உடைந்து பாதித் திறப்பிலேயே நிற்கிறது. மாற்ற வேண்டும்.

6. பஜார் தெருவிளக்குகள் 50-ம் காலை 10 மணி வரை எரிகின்றன. 40 வாட் விளக்குக்கு 4 மணி நேரம் என்றால் நாளுக்கு 8 யூனிட். டைமரின் நேரத்தைத் திருத்தினால் முடிந்தது, அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

7. அழுத்தம் வந்தால் வீட்டு மோட்டார்களும் தேவைப்படாது. மேலே சொன்ன 9, 24, 8 யூனிட்டைக் கூட்டினால் நாளுக்கு 41, ஆண்டுக்குச் சுமார் 15,000 யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல். டிசம்பர் 14 எரிசக்தி சேமிப்பு நாளில் நம் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்து நடந்தார்கள். அன்று இரவும் தொட்டி வழிந்தது. பருவநிலையைக் காக்க வீட்டில் ஃபேனை அணைக்கச் சொல்கிறோம், ஊர்த் தொட்டியின் மோட்டாரை அணைக்க யாரும் இல்லை. நிதி வரட்டும் என்று மூன்று முறை பதில் சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். டைமர் சில ஆயிரம் ரூபாய்தான் ஐயா. வால்வு வரிசையை மாற்ற அதுவும் வேண்டாம், தங்கள் ஒரு கையெழுத்துப் போதும்.

டைமர், நான்-ரிட்டன் வால்வு வேலைகளைக் கூலியின்றிச் செய்து தர மனுவில் கையெழுத்திட்ட தொழிலாளர்கள் தயார். பேரூராட்சி பொருள் மட்டும் வாங்கித் தந்தால் போதும்.

எனவே, வரும் திங்கட்கிழமையில் இருந்தாவது மேட்டுத் தெரு வால்வை முதலில் திறக்கவும், அந்த ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டவும் ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம். ஒருநாள் காலை 6 மணிக்குத் தாங்களே மேட்டுத் தெருவுக்கு வந்து பாருங்கள். மற்ற வேலைகள் பிறகு நடக்கட்டும், அந்த வால்வை மட்டும் முதலில் திறக்கச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
மேட்டுத் தெரு, காளியம்மன் கோயில் பின் சந்து மக்கள், ஊர்த் தொழிலாளர்கள்