மண்ணீரல் இல்லாத தம்பி எழுதுவது

அன்புள்ள அக்காவுக்கு,

வீடியோ காலில் சொன்னால் நீ அழுவாய், அம்மாவுக்கும் தெரிந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுக்கப் போனதில் கணையத்தின் வால் பக்கம், அதாவது அதன் ஒடுங்கின முனையில், 3 சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்தது. உடனே கூகுளில் கணையப் புற்றுநோய் என்று தேடிப் பயப்படாதே, எல்லாரும் பயப்படுகிற அந்த வகை வேறு, இது வேறு. இது ஹார்மோன் செல்களில் வருகிற அபூர்வக் கட்டி, பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். இன்சுலினைச் சுரந்து கொட்டுகிற வகையாக இருந்தால் சர்க்கரை இறங்கி, மயங்கி விழுந்து, எப்போதோ மாட்டியிருக்கும். என்னுடையது அப்படி எதையும் காட்டாத வகை, அதான் இத்தனை நாள் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. 2 சென்டிமீட்டருக்குள் என்றால் சிலருக்கு வெட்டாமல் ஸ்கேன் எடுத்தே கவனிப்பார்களாம், எனக்கு அதைத் தாண்டிவிட்டது.

ஜெர்மனியில் கணைய ஆபரேஷனை எல்லா ஆஸ்பத்திரியும் தொட்டுவிட முடியாது, வருஷத்துக்குக் குறைந்தது 20 செய்கிற இடமாக இருக்க வேண்டும் என்று விதி. இந்த ஊரின் குளிரையும் நிரப்பச் சொல்கிற படிவங்களையும் எவ்வளவு திட்டினாலும் இதற்கு ஒரு கும்பிடு போடலாம். சர்ஜன் படம் வரைந்தே விளக்கினார். கட்டி தலைப்பக்கம் இருந்தால் முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் சேர்த்து எடுத்து மறுபடி இணைக்கிற பெரிய வேலை. அதை 1909-ல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் வால்டர் காவுஷ், அதுவும் இதே பெர்லினில். எனக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, வாலையும், ஒட்டியிருந்த மண்ணீரலையும் எடுத்ததோடு சரி. கணைய நீர் கசியுமோ என்பதுதான் எல்லாருக்கும் பயம், வயிற்றில் வைத்த ட்யூபில் வந்த நீரை லேபில் பார்த்த பிறகே அதைக் கழற்றினார்கள்.

வார்டில் துணைக்குப் பாய் போட்டுப் படுக்க ஆள் கிடையாது, ராத்திரிச் சாப்பாடு ஆறிய ரொட்டியும் சீஸும். ஆனால் இன்சூரன்ஸ் போக நான் கட்டியது நாளுக்கு 10 யூரோதான்!

ரிப்போர்ட்டில் ஜி1, அதாவது மெதுவாக வளர்கிற ரகம், நிணநீர்க்கணுக்களில் எதுவும் இல்லை. கிருமிகளை எதிர்க்க உதவுகிற மண்ணீரல் போவதால் நிமோகோக்கல், மெனிங்கோகோக்கல் தடுப்பூசிகளை முன்பே போட்டுவிட்டார்கள், ஆனாலும் காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். சாப்பாட்டோடு, செரிப்பதற்கு ஒரு என்ஸைம் கேப்ஸ்யூல், பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது, அம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிடாதே.

கணையம் குறைந்ததால் சர்க்கரை வர வாய்ப்பு கூடுமாம். அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது, பெரியப்பாவுக்கும் உண்டா என்று விசாரித்து எழுது, டாக்டர் கேட்டிருக்கிறார்.

அன்புத் தம்பி