சம்பளம் பேசுற மேசையில எங்க தோள்பட்டைய பத்தியும் பேசுங்க

தோட்டக் கம்பனி துரைமாருக்கும் தொழிற்சங்க தலைவர்மாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலைநாட்டுல பொகவந்தலாவ பக்கம் தேயிலைக் கொழுந்தெடுக்குற பொம்பள. ஒரு நாளைக்கு 2021ல 1000 ரூபா, 2024ல 1350 ரூபான்னு பேசிப் பேசித்தான் சம்பளம் கொஞ்சமாவது ஏறுச்சு, அத நான் மறக்கல. ஆனா அந்த மேசையில எங்க கழுத்து நோவ, தோள்பட்டை நோவ பத்தி யாராவது ஒரு வார்த்த பேசுனீங்களா?

காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பிரட்டு முடிஞ்சு மலை ஏறி நிரை, அதாவது செடி வரிசை, புடிச்சா வெரல் நிக்காம ஓடணும், சரிவுல ஒரு காலு மேல ஒரு காலு கீழ, முதுகுல கொழுந்து ஏற ஏற தலையில மாட்டுன கயிறு கழுத்த பின்னுக்கு இழுக்கும். மழை நாள்ல ஈரக் கொழுந்து இன்னும் பாரம், கொழுந்து நிறுக்குற மடுவத்துல நிறுக்கும்போது தண்ணிக்குன்னு கிலோவ வெட்டிருவாங்க, ஆனா அந்த தண்ணியையும் சுமந்தது எங்க கழுத்து தானே. செடிய வெட்டி விடுற கவ்வாத்து தள்ளித் தள்ளி போன மலைன்னா இன்னும் மோசம், செடி நெஞ்சுக்கு மேல வளந்து நிக்கும், என்ன மாதிரி குட்டையான ஆளுங்க நாள் முழுக்க கைய தூக்கிக்கிட்டே எடுக்கணும். ராத்திரிக்கு தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒளைச்சல் எடுக்கும், வெரல் மரத்துப் போகும். இப்ப எனக்கு சீப்ப புடிச்சு தலை வார கை ஏறாது, மகதான் வாரி விடுறா.

டவுன் ஆஸ்பத்திரிக்கு போனேன். டொக்டர் நல்லாத்தான் சொன்னாரு, கொஞ்ச நாளைக்கு பாரம் தூக்காதீங்க, அதுக்காக சும்மா படுத்தும் கெடக்காதீங்க, கைய மெல்ல மெல்ல அசைச்சு பழகுங்க, பிசியோதெரபிக்கு ஒழுங்கா வாங்கன்னு. சரிதான், ஆனா கிளினிக்குக்கு போற அன்னிக்கு எனக்கு பேர் இல்ல, அதாவது அன்னைக்கு சம்பளம் இல்ல. வேலைக்கு போயி 18 கிலோ எடுக்கலைன்னா அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். பாரம் கொறைக்க சொல்லி டொக்டரோட மெடிக்கல் சீட்டு கொண்டு போயி குடுத்தா, முடியாட்டி வீட்ல இருங்கங்குறாங்க. வீட்ல இருந்தா அடுப்பு எரியாதே.

அதனால என்ன நடக்குது, பெனடோல முழுங்கிட்டு சித்தாலேப தைலத்த தடவிக்கிட்டு மலைக்கு போறோம், அது கேக்காதப்ப கடையில வேற நோவு மாத்திரை வாங்கி போடுறோம், டொக்டர்கிட்ட கேக்காம அந்த மாத்திரைய மாசக்கணக்கா போட்டா வயித்துல புண்ணு வரும், கிட்னிக்கும் கூடாது. ஆறுறதுக்கு நேரம் குடுக்காம திருப்பித் திருப்பி அதே தசைய இழுத்தா நோவு எப்படி போகும்?

1934ல வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்குன்னு சொல்வீங்க. மலையில வழுக்கி விழுந்து கை ஒடஞ்சா எந்த நாள்ல ஒடஞ்சுச்சுன்னு எழுதி நட்டஈடு கேக்கலாம். வருசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா தேஞ்ச தோளுக்கு எந்த தேதிய எழுதுறது?

நாங்க கேக்குறது பெரிய செலவு இல்ல. டொக்டர் எழுதிக் குடுத்தா அந்தக் காலம் முடியுற வரைக்கும் தேயிலைக் கன்னு வளக்குற நர்சரி மாதிரி பாரம் இல்லாத வேலைய முழுப்பேரோட குடுங்க. பிசியோதெரபிக்கு போற நாளுக்கு பேர் போடுங்க. ஒரு நாளைக்கு கொழுந்து நிறுக்குறத இன்னும் ஒரு தடவ கூட்டுனா முதுகுல ஏறுற பாரம் கொறையும், இதுக்கு காசே தேவயில்ல. கவ்வாத்த காலத்துக்கு பண்ணுங்க, அது செடிக்கும் நல்லது. முக்கியமா இத வாயால சொன்னா போதாது, ஒப்பந்தத்துல எழுதுங்க, ஏன்னா ஒரு துரை சரின்னு சொல்லுவாரு, மாறி வர்ற துரை தெரியாதும்பாரு.

சங்கத் தலைவர்மாரே, மாசா மாசம் எங்க சம்பளத்துல சந்தா வெட்டுறாங்க, அந்த உரிமையிலதான் கேக்குறேன். அடுத்த பேச்சுவார்த்தைக்கு கொழுந்தெடுக்குற பொம்பளைங்க ரெண்டு பேரையாவது கூட்டிக்கிட்டு போங்க. தேதிய மட்டும் முன்கூட்டியே சொல்லுங்க, நாங்க வர்றோம்.