படத்தின் கீழே இரண்டு வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கேயுள்ள எங்கள் வன்னிக்குப் பயணப் புகைப்படக் கலைஞர்கள் வருவதை மனதார வரவேற்பவர்களில் நானும் ஒருவன். 2009இல் போர் முடிந்த பின் நெடுங்காலம் எங்கள் மண்ணிலிருந்து வெளியே போன படங்களில் இடிந்த சுவர்களும் தறப்பாள் கொட்டில்களுமே நிறைந்திருந்தன. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் ஆடிவரும் காவடிகளையும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும்போது அணைக்கட்டில் கூடும் சனத்தையும் இன்று ஒருவர் படம்பிடித்தால் அது எங்களுக்கும் பெருமையே. ஆயினும், படத்தோடு வரும் ஓரிரு சொற்களைக் குறித்து எனக்கு மனத்தாங்கல் உண்டு.

காலபோக (மாரிகால) நெல் அறுவடை முடிந்ததும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் பரப்பிய நெல்லைப் பெண்கள் காலால் துழாவிக் காயவிடுவதைப் படமெடுக்காதவர் இல்லை. கறுத்த தார் வீதியில் பொன்னிற நெல்லும், பூப்போட்ட சீத்தைத் துணிச் சட்டையும் (எங்கள் பெண்கள் வயலுக்கும் அதைத்தான் உடுத்துவார்கள்) கண்ணைப் பறிப்பது உண்மை. ஆனால், அரசின் உத்தரவாத விலை முழுமையாகக் கிடைக்க நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும், ஈரத்தைக் காரணம் காட்டியே தனியார் வியாபாரி விலையை அடித்துக் குறைப்பார் என்பதும், காயவிடத் தளம் இல்லாத குடும்பம் வாகனங்களுக்கு நடுவே நிற்பது அதனால்தான் என்பதும் படத்தைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ‘வறுமையிலும் புன்னகை’ என்று எழுதிவிட்டால் அந்தப் பெண்ணின் கணக்கும் கவலையும் மறைந்துபோகின்றன.

2022இல் முல்லைத்தீவுக் கரையில் வரிசையாக இழுத்துவிடப்பட்டிருந்த நீலமும் பச்சையுமான படகுகளும் அப்படித்தான். இயந்திரத்தை ஓட்ட மண்ணெண்ணெய் இல்லாமல் அவை கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பின்னர், எண்ணெய் கிடைத்தாலும் பலருக்குத் தொழில் கட்டுபடியாகவில்லை.

நிறத்தைக் குறைத்து, அழுகையைக் கூட்டிப் படமெடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எடுத்ததை அவருடைய கைத்தொலைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். தங்கள் வாரவெளியீட்டில் இத்தகைய படங்களைப் பிரசுரிக்கும்போது ஊரின் பெயர், செய்யும் தொழில், அன்றைய விலை ஆகியவற்றை இரண்டு வரியில் சேர்க்குமாறும், அவ்விவரம் இல்லாத படங்களை அனுப்பியவரிடமே கேட்டுப் பெறுமாறும் அன்புடன் வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தர்மபுரம், கிளிநொச்சி.