மூங்கில் எலியும் உன் பையனும்

குவாங்சோ
14 ஜூன் 2020

அன்புள்ள கவி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடு. ஆச்சா? சரி.

இங்கே நலம். அம்மாதான் தினமும் போன் போட்டு, "அந்த ஊர்ல எலி கிலி ஏதாச்சும் வாயில வெச்சியா?" என்று கேட்கிறாள். வைக்கவில்லை என்று கற்பூரம் அடிக்காத குறை. ஆனால் எலி என்னை ஒரு கை பார்த்துவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

போன நவம்பரில் இங்கே சீனாவின் குவாங்ஸி மலைப்பக்கம், கறிக்காக மூங்கில் எலி வளர்க்கும் ஒரு பண்ணைக்குப் புழுக்கை மாதிரி எடுக்கப் போயிருந்தேன். நம்ம பெருச்சாளிக்கு முயலின் உடம்பு வந்தால் எப்படியோ அப்படி ஒரு பிராணி. பல் மட்டும் ஆரஞ்சு நிறம். சிமென்ட் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து மூங்கிலையும் கரும்பையும் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டே இருக்கும். அப்போது நாடு முழுக்க சுமார் 2.5 கோடி எலிகள், அதில் 1.8 கோடி குவாங்ஸியில் மட்டும் என்று கணக்கு. மகள் கல்யாணமே இந்த எலிக்காசில்தான் நடந்தது என்றார் பண்ணைக்காரர். புழுக்கையைக் குழாயில் போட்டு, கெடாமல் இருக்க டைக்ரோமேட் கரைசல் ஊற்றி முடித்து, கையுறையைக் கழற்றியதும் கரும்பு வெட்டிக் கொடுத்தார். கத்தியை எங்கிருந்து எடுத்தார் என்று மட்டும் கேட்காதே.

ஏழாம் நாள் எனக்குக் கழிச்சல் ஆரம்பித்தது, பதினோரு நாள் விடவில்லை. வெறும் தண்ணீர். வெட்கத்தை விட்டு, என்னுடையதையே ஸ்லைடில் தடவி ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டேன். பச்சைப் பின்னணியில் ஐந்து மைக்ரான் அளவில் குட்டிக் குட்டியாக இளஞ்சிவப்பு மணிகள். கிரிப்டோ, கழிச்சல் உண்டாக்கும் அதே ஒட்டுண்ணி! காலேஜில் நம்ம வாத்தியார் ஓவோ சார் பார்த்திருந்தால், "ஜோரான ஸ்லைடும்மா, எந்த மாடு?" என்று கேட்டிருப்பார்.

சிரித்தது போதும். இந்த எலிகளில் கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்ற கிரிப்டோ இனம் இருக்கிறது, ஜியார்டியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியில் மனிதருக்கு ஒட்டக்கூடிய பி வகையும் இருக்கிறது. கறியைக் கொதிக்கவைத்துத் தின்பவனுக்கு ஆபத்து குறைவுதான். மாட்டிக்கொள்வது கூண்டு கழுவுகிறவனும், அந்தக் கழிவு இறங்கும் ஓடையில் தண்ணீர் மொள்ளுகிறவனும். கோழிக்குக் கழிச்சல் தரும் ஐமீரியா ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட், அதாவது முட்டை மாதிரியான கூடு, வெளியே வந்து தொற்றும் பக்குவத்துக்குப் பழுக்க ஓரிரு நாளாவது கேட்கும். கிரிப்டோவுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. வெளியே விழும்போதே தயார். பத்து ஊசிஸ்ட் உள்ளே போனாலே போதும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குடிநீரில் கிரிப்டோ கலந்து 4 லட்சம் பேர் படுத்தார்களே, படித்தது ஞாபகம் இருக்கிறதா?

ஜனவரி 20 அன்று இங்கத்திய நுரையீரல் நிபுணர் ஜோங் நான்ஷான் டிவியில் வந்து, கொரோனா வைரஸ் மூங்கில் எலி மாதிரி காட்டு விலங்கிலிருந்து வந்திருக்கலாம் என்றார். பிப்ரவரி 24இல் காட்டு விலங்குகளைத் தின்னவும் விற்கவும் தடை. வளர்க்கலாம் என்று போன மாதம் வந்த கால்நடைப் பட்டியலிலும் எலிக்கு இடம் இல்லை. பக்கத்து ஹூனானில் கிலோவுக்கு 75 யுவான் இழப்பீடு. நம்ம பண்ணைக்காரர் எல்லாவற்றையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டிவிட்டாராம். போனில் அழுதார். கரும்பு தின்றவள் நான், எனக்கும் அழுகை வந்தது. வைரஸுக்குப் பயந்து மூடினார்கள். வருஷக்கணக்காக அவர் வீட்டில் யாருக்காவது வயிற்றால் போனதா என்று யாரும் கேட்டதே இல்லை. நானும்தான் கேட்கவில்லை, அது இப்போது உறுத்துகிறது.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம் நீ வாட்ஸ்அப்பில் போட்ட படம். உன் பையன் கட்டுத்தறியில் உட்கார்ந்து கன்றுக்குப் பால் புட்டி பிடிக்கிறான், மற்ற கை வாயில்! "டாக்டரம்மா வாரிசு" என்று கீழே பெருமை வேறு. கன்றுக் கழிச்சலில் வருவதும் இதே பார்வம்தானடி. நீ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீச்சுகிறாயே சானிடைசர், அதற்கு இது சாகாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடு. நான் பெரியவள், பதினோரு நாள் தாங்கினேன். அவனுக்கு மூன்று வயது.

கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கன்றுக்குக் கழிச்சல் இருக்கிறதா? இருந்தால் ஒரு ஸ்லைடு போட்டு போட்டோ அனுப்பு. என் ஸ்லைடு கதையை மட்டும் ஓவோ சாருக்குச் சொல்லிவிடாதே.

உன்
ரூம் நம்பர் 12