கார்டில் ஒற்றைக் கோடு, ரத்தத்தில் மலேரியா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தியோப்பியாவில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் குளிர்காய்ச்சலுடன் நான் பணியாற்றிய ஆய்வகத்துக்கு வந்தார். முதல் நாள் வேறோர் இடத்தில் எடுத்த கார்டு பரிசோதனையில் (ஒரு துளி ரத்தத்தில் மலேரியாவைக் கண்டறியும் விரைவுச் சோதனை அட்டை) நோயைக் காட்டும் கோடு விழாமல், கார்டு சரியாக வேலை செய்வதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டுமே விழுந்ததால், மலேரியா இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவரது விரல் நுனி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா ஒட்டுண்ணிகள் இருந்தன. அந்தக் கார்டு தவறியதற்கான காரணத்தை மரபணு ஆய்வு செய்து யாரும் பார்க்கவில்லை. ஆனால், அவர் வந்த பகுதியின் நிலவரத்தைப் படித்தறிந்த பின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபால்சிபாரத்தைக் கண்டறியும் பெரும்பாலான கார்டுகள், அந்த ஒட்டுண்ணி ரத்தத்தில் வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற ஒரே புரதத்தை நம்பியிருக்கின்றன. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவும், அதை ஒத்த எச்.ஆர்.பி.3 மரபணுவும் சில ஒட்டுண்ணிகளில் அடியோடு இல்லை. அவை இல்லாமலேயே ஒட்டுண்ணி உயிர்வாழ்கிறது, பெருகுகிறது, ஆளையும் கொல்லக்கூடியது. கார்டில் மட்டும் கோடு விழாது. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இத்தகைய ஒட்டுண்ணிகள் இருப்பது 2010இல் வெளியானது. எத்தியோப்பியாவின் அண்டை நாடான எரித்திரியாவின் கின்டே மருத்துவமனையில் ஆராயப்பட்ட 26 நோயாளிகளில் 21 பேரிடமும், மசாவா மருத்துவமனையில் 24 பேரில் 10 பேரிடமும் இந்த இரு மரபணுக்களும் இல்லாத ஒட்டுண்ணிகளே இருந்தன. அந்நாடு 2016இல் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

என்னை மிகவும் கலங்க வைப்பது வேறொன்று. கார்டில் சிக்கிய ஒட்டுண்ணிக்கு மருந்து கிடைத்து அது அழிகிறது. சிக்காததோ, சிகிச்சை பெறாத நோயாளியின் உடலில் தங்கி, கொசு வழியாக அடுத்தவருக்குப் போகிறது. நாம் நம்பும் பரிசோதனையே, தன் கண்ணுக்குத் தப்பும் வகையைப் பெருக வைத்துவிடுகிறது.

இந்தியாவில் நிலைமை அவ்வளவு முற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்டு மாநிலங்களில் சேகரித்த 1,521 ஃபால்சிபாரம் மாதிரிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எச்.ஆர்.பி.2 மரபணு இல்லாதவை 36 மட்டுமே. இந்தக் குறைபாட்டால் 5 சதவீதத்துக்கு மேல் நோயாளிகள் தவறவிடப்பட்டால் கார்டை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாற்றாக உள்ள எல்.டி.எச். வகைக் கார்டு, ஒட்டுண்ணி உயிர்வாழத் தேவையான நொதியைத் தேடுவதால் இந்த வழியில் ஏமாறுவது அரிது என்றாலும், ஒட்டுண்ணி குறைவாக உள்ள ரத்தத்தில் அதன் கோடு எளிதில் தெரிவதில்லை; வெப்பத்தையும் அவ்வளவாகத் தாங்குவதில்லை.

ஆகவே, எத்தியோப்பியா, எரித்திரியா போன்ற நாடுகளிலிருந்து திரும்பி காய்ச்சலுடன் வருபவர் எவரையும், கார்டின் ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம் என மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ரத்தத் தடவல் பரிசோதனையும் அன்றே செய்யப்பட வேண்டும். காய்ச்சல் நீடித்தால் மறுநாளும் பார்க்க வேண்டும். கார்டு இருக்கிறதே என்று நுண்ணோக்கி பார்க்கத் தெரிந்தவர்களுக்கான பணியிடங்களைக் காலியாக விட்டுவைக்காமல் நிரப்புமாறு சுகாதாரத் துறையையும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புனர்,
திருநெல்வேலி.