அப்பாவின் ‘ஸ்டீல்’ கசெற்றுகள்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய கசெற்றுகளின் படங்களைப் பார்த்தோம். ரிவியில் போன ‘ரெமிங்டன் ஸ்டீல்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பதிந்த வீடியோ கசெற்றுகள் அவை. இருபத்துமூன்றிலும் ‘ஸ்டீல்’ என்று மட்டும் எழுதிவிட்டு, திகதி போடாமல் விட்டிருக்கிறார் அப்பா. இவற்றை மீட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவற்றை மீட்கலாம். ஆனால் அதுவரை ஒரு கசெற்றையும் வீடியோ டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள்.

காரணம் மூன்றாவது படத்தில் இருக்கிறது. கசெற் ஜன்னலுக்குள் சுருளின் ஓரத்தில் அரிசிமா தூவினதுபோல வட்டமாகத் தெரிகிறதே, அது தூசி அல்ல, பூஞ்சணம். காற்றில் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும். கொழும்பில் அதற்குக் கீழே இறங்குகிற நாட்கள் குறைவு. டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ‘தலை’ பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. பூஞ்சணத்தோடு ஓடவிட்டால் தூள் தலையில் அப்பி, படம் பனிபோல் மறையும். அடுத்துப் போடும் நல்ல கசெற்றிலும் அதே தூள் ஒட்டும். பூஞ்சணத்தால் ஒட்டிக்கொண்ட இரண்டு சுற்றுகள் பிரியும்போது நாடாவே கிழிவதும் உண்டு.

முதல் வேலை உலர்த்துவது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் கசெற்றுகளை உறையில்லாமல் நிமிர்த்தி அடுக்கி, பத்துக் கசெற்றுக்குக் கால் கிலோ அளவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் நல்லது, எப்போது மாற்றவேண்டும் என்று கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று கிழமை விடுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைக்கவே வேண்டாம்: கூடு வளையும், நாடா இழுபடும். பிரிட்ஜும் ஆகாது, வெளியே எடுத்ததும் வியர்க்கும். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் இந்த வேலைக்குத் தோது.

காய்ந்தபின் கூட்டைக் கழற்றலாம். அடிப்பக்கத்தில் ஐந்து ஸ்குரூ. முன்மூடியின் சிறிய ஸ்பிரிங் பறந்துபோகும், அதனால் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பிரஷால் சுருளின் ஓரங்களை மட்டும் தட்டுங்கள். பிறகு இரண்டு சுருளையும் சுத்தமான வேறொரு கசெற்றின் கூட்டுக்குள் மாற்றுங்கள். பெயர் எழுதிய பழைய கூட்டை எறிந்துவிடாதீர்கள், அது அப்பாவின் கையெழுத்து.

டெக்கைப் பற்றிக் கேட்டீர்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பழைய டெக் விசாரிக்கலாம், ஆனால் ஓடுகிறது என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்த டெக்கில் முதலில் போவது ரப்பர்: பெல்ற் தளரும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகும். அப்படிப்பட்ட டெக்தான் நாடாவை மென்று துப்புவது. தேவையில்லாத ஒரு கசெற்றைப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே எடுத்து நாடாவின் விளிம்பைப் பாருங்கள். மடிப்பு விழுந்திருந்தால் அந்த டெக் வேண்டாம்.

தலையைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி எடுக்கக் கூடாது, இழை மாட்டித் தலை உடையும். 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோலில் நனைத்த மான்தோல் துண்டை உருளையில் அசையாமல் பிடித்து, மற்றக் கையால் உருளையைச் சுற்றுங்கள். துணி நிற்கவேண்டும், உருளை சுற்றவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் அன்றோடு தலை போச்சு.

உங்கள் குவியலில் இரண்டு கசெற்றின் முதுகில் டி-120 என்று இருக்கிறது. அவை அமெரிக்கா, கனடாப் பக்கத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். அப்படியென்றால் பதிவு அந்தப் பக்கத்து ஒளிபரப்பு முறையான என்ரிஎஸ்சியில் (NTSC) இருக்கும், நம் நாட்டு ரிவி ‘பால்’ (PAL) முறை. சில பால் டெக்குகள் என்ரிஎஸ்சியையும் ஓட்டும். ரிவியில் நிறத்தோடு தெரியும், கணினிக்கு மாற்றும்போதோ கறுப்புவெள்ளையாக வரும். டெக் பழுதில்லை. டெக்கையும் கணினியையும் இணைக்கும் மலிவான மாற்றிகளுக்கு அந்தக் கலப்பு சிக்னல் புரியாது. பல முறைகளையும் ஓட்டும் டெக் கிடைக்கும்வரை அந்த இரண்டையும் தள்ளி வையுங்கள்.

கணினியில் 720க்கு 576, விநாடிக்கு 25 சட்டகம், 4:3 அகலம் என்று வைத்துப் பதியுங்கள். அகல ரிவிக்காக இழுத்தால் தொடரின் நாயகி லோரா ஹோல்ட் குண்டாகிவிடுவா. முதல் பதிவைத் தரம் குறையாத வகையில் சுருக்கி வைத்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி போகும். வீட்டில் பார்க்கிற பிரதிக்கு 3, 4 ஜிபி போதும். போகப்போக வாயும் குரலும் விலகினால், நாடாவின் துடிப்பில் சட்டகங்கள் விடுபடுகின்றன என்று அர்த்தம். பழைய டிவிடி ரெக்கோடர் ஒன்றை நடுவில் இணைத்து அதனூடாக அனுப்பினால் பெரும்பாலும் சரிவரும்.

இனித்தான் சுவாரசியமான வேலை. திகதியில்லாத கசெற்றில் எந்தக் கதை என்று கண்டுபிடிப்பது எப்படி? லோராவின் துப்பறியும் அலுவலகத்தில் அவவோடு யார் வேலை செய்கிறார் என்று பாருங்கள். மர்ஃபியும் பெர்னிஸும் இருந்தால் அது முதற் பருவம், 1982-83. தொடக்கத்தில் லோரா தன் குரலிலேயே கதையைச் சொல்வதும் அந்தப் பருவத்தில்தான்: பெண் துப்பறிவாளரிடம் யாரும் வழக்குத் தராததால் ரெமிங்டன் ஸ்டீல் என்று இல்லாத ஒரு முதலாளியைக் கற்பித்தா, பிறகு ஒருநாள் நீலக் கண்களோடு ஒருவன் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டான். மில்ட்ரெட் இருந்தால் இரண்டாம் பருவமோ அதற்குப் பிறகோ. வருமானவரி அதிகாரியாக ஸ்டீலைத் துரத்திக்கொண்டு அக்கபுல்கோவுக்கு வந்த மனுசி, அவருடைய காரியாலயத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுவா. இரண்டாம் பருவத்தில் லோராவின் வீடு வெடித்துச் சிதறுகிறது, அதனால் அவ மாடி அறையில் குடியிருந்தால் அதற்குப் பிந்திய கதை.

இன்னும் நெருங்கவேண்டுமென்றால் ஸ்டீல் வாய் திறக்கும்வரை காத்திருங்கள். வழக்கு முடிச்சு விழும் இடத்தில் ஏதாவதொரு பழைய படத்தின் பெயர், நடிகர், தயாரிப்பு நிறுவனம், ஆண்டு என்று வரிசையாக ஒப்புவிப்பார். அந்தப் படப் பெயரைக் குறித்துக்கொண்டு அத்தியாயப் பட்டியலில் தேடுங்கள், கதை அகப்படும். அவர் வைத்திருந்த ஐந்து கடவுச்சீட்டுகளின் ஐந்து பெயர்களும் ஹம்ஃபிரி போகார்ட் நடித்த பாத்திரங்களின் பெயர்கள். இப்படிப்பட்ட குறும்புக்காகவே இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். காதலும் அப்படித்தான்: முத்தம் கிட்ட வரும், தொலைபேசி அடிக்கும். 94 அத்தியாயம் அந்தத் தொலைபேசியில் ஓடியது என்றாலும் தப்பில்லை.

ஆனால் அக்கா, தொடருக்காக இந்தப் பாடு வேண்டியதில்லை. ஐந்து பருவமும் அமெரிக்காவில் டிவிடியாக வந்துவிட்டன, உங்கள் கசெற்றைவிடத் தெளிவான படம். டிவிடியில் கிடைக்காதது நடுவில் வரும் விளம்பரங்களும், அறிவிப்பாளரின் குரலும், செய்திக்கு முந்திய மணிக்கூடும், அப்பா அவசரமாக நிறுத்தி மறுபடி தொடங்கிய இடத்து வெட்டும்தான். யாராவது கடைக்காரர் ‘விளம்பரத்தை வெட்டிச் சுத்தமாகத் தாறன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கதை முடிந்தபின் வெறும் புள்ளி மழையாகத் தெரிந்தாலும் நாடா முடியும்வரை பதியுங்கள். ஒரு ஈ-180 கசெற் மூன்று மணித்தியாலம், கதையோ ஐம்பது நிமிடத்துக்குள். மிச்சத்தில் என்ன இருக்கிறதென்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கை பழக ஐந்தாம் பருவத்துக் கசெற்றை எடுங்கள். தொடரை ஒளிபரப்பிய அமெரிக்க ரிவி நிறுவனமான என்பிசி அதை நிறுத்திவிட்டு, ஸ்டீலாக நடித்த பிரொஸ்னனுக்கு ஜேம்ஸ் பொண்ட் வாய்ப்பு வந்ததும் திரும்ப உயிர்கொடுத்து, அந்த வேடமும் கைவிட்டுப்போய், 1987 பெப்ரவரியோடு ஆறே அத்தியாயத்தில் முடிந்த பருவம் அது. அந்தப் பருவத்தில் புதிதாக வந்த டோனி ரோசெல்லி என்ற பாத்திரத்தின் காட்சி கசங்கினால் ஒருவரும் அழப்போவதில்லை. கடைசிக் கதையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். டானியல் சாமர்ஸாக வருபவர் லோராவாக நடித்த ஸ்டெஃபனியின் சொந்த அப்பா, கதையிலோ அவர் ஸ்டீலின் அப்பா என்று தெரியவருவது அதில்தான்.

அன்புடன்.